பதினோரு மணிச் சிவப்பு

காலை பதினோரு மணிக்கு எங்கள் கண்காணிப்பாளரின் முகம் சிவக்கும். முதலில் காது மடல்கள், அப்புறம் கழுத்து, அப்புறம் நெற்றி. கறுத்த மனிதர். அதனால் சிவப்பு என்பதைவிட, அடுப்பில் காயும் தோசைக்கல் நிறம் மாறுவதைப் போல என்று சொன்னால் பொருந்தும். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, மேசையிலிருக்கும் மர அடிக்கோலால் முதுகைச் சொறிந்துகொள்வார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதுவரை விடுப்பு விண்ணப்பத்தோடு யாரும் அவர் முன்னால் போய் நிற்பதில்லை.

எங்கள் பியூன் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். வராந்தாவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எச்சரிப்பார். "சிக்னல் செவப்பாயிருச்சுண்ணே. வண்டிய அவுட்டர்லயே நிப்பாட்டுங்க."

அலுவலகம் முழுவதும் அதைக் கோபம் என்றே நம்பியது. அவரோடு நான் வேலை பார்த்த ஆறு வருடத்தில் அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. ஆனாலும் அந்தச் சிவப்பைக் கண்டு தட்டச்சர்கள் பிழை திருத்தினார்கள், தாமதமாக வருகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். ஒரு பிரிவை நடத்த ஒரு முகம் சிவந்தால் போதும் என்பதை அங்கேதான் கற்றேன். அவரும் அதை மறுக்கவில்லை. எழுத்தில் யாரும் கேட்கவில்லை என்பதால் மறுக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

உண்மையில் அது ஒரு வைட்டமின். பி வகையைச் சேர்ந்தது, நிகோடினிக் அமிலம் என்று பெயர். ரத்தத்திலிருக்கும் கொழுப்பைக் குறைக்க அதை அளவு கூட்டிக் கொடுப்பார்கள் என்று அந்த எழுபதுகளில் மதுரையில் சில மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கண்காணிப்பாளருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. பத்தரை மணிக்குக் கையோடு கொண்டுவரும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை மேசைக் கண்ணாடியின் மேல் வரிசையாக அடுக்குவார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைய முதல் கோப்பை எடுப்பார். அரை மணி கழித்துக் காது மடல் சிவக்கத் தொடங்கும்.

இவ்வளவு மாத்திரை எதற்கு என்று அவர் அதைத் தொடங்கிய புதிதில் ஒருநாள் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எங்க வீட்டு ஆம்பளைக யாரும் அம்பத்திரண்டப் பாத்ததில்ல தம்பி."

அவர் ஊர் செக்கானூரணிக்கும் மேற்கே. கிணறும் கொஞ்சம் புஞ்சையும் உள்ள குடும்பம். அப்பா கிணற்று மேட்டில் நின்றவாறே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பெரிய அண்ணன் மில் வேலைக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரத்தில், தூங்குகிறவரைப் போலவே திருமங்கலம் வரை போனார். இரண்டாவது அண்ணன் பள்ளி ஆசிரியர். கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதியிருந்தார். அவருடைய குடும்ப ஓய்வூதியப் படிவங்களை எங்கள் கண்காணிப்பாளர்தான் பூர்த்தி செய்தார். அண்ணி விரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தார்களாம். அதை அவர் பல முறை சொல்லியிருக்கிறார். சாவைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார், அந்தக் கைநாட்டைப் பற்றித்தான் பேசுவார்.

"ஓய்வு பெத்தவங்க வருசத்துக்கு ஒருக்கா கருவூலத்துக்குப் போயி, உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடணும்ல. எங்க குடும்பத்துல அந்தக் கையெழுத்தப் போட்ட ஆம்பளை கெடையாது. நான் போடணும் தம்பி. அம்புட்டுத்தான்."

அந்தக் காலத்தில் ஓய்வு பெறும் வயது ஐம்பத்தைந்து. அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது. நடுவில் ஐம்பத்திரண்டு நின்றது. அவர் ஆசைப்பட்டது வேறெதற்கும் இல்லை, ஒரு சான்றிதழில் ஒரு கையெழுத்துக்கு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அரசாங்க வேலை பார்க்காதவர்கள்.

இரண்டாவது அண்ணன் போன பிறகுதான் அவர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார். கொழுப்பு முந்நூறைத் தாண்டியிருந்தது. அரசு மருத்துவர் ஒருவர் மாலை வேளையில் ஒரு சந்துக்குள் தனியாக நோயாளிகளைப் பார்ப்பார். அவர்தான் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மூன்று வேளை. தாங்கும் அளவுக்குப் படிப்படியாக உயர்த்தவும். இரண்டு மாதம் கழித்து வந்து காட்டவும். தொடரவும். கீழே கையொப்பம்.

இரண்டு மாதம் கழித்து அவர் சரியாகப் போயிருக்கிறார். மருத்துவர் தர்மபுரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அதே நாற்காலியில் வேறொரு இளம் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கண்காணிப்பாளர் வாசல்வரை போய், பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு, "உத்தரவு போட்டவரு இவரு இல்லையே" என்று பதில் சொன்னாராம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது, மற்றதெல்லாம் அதன் கிளைகள். எழுத்தில் இருப்பது இருக்கிறது, எழுத்தில் இல்லாதது இல்லை. மழை பெய்து கூரை ஒழுகியபோது, பொதுப்பணித் துறையிலிருந்து ஆள் வந்து ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுக்கும்வரை வாளி வைக்கவிடவில்லை. வாளி வைத்தால் சேதத்தின் அளவு குறைந்துவிடும் என்றார். தன் பிறந்த நாளை வீட்டில் எல்லோரும் ஆவணி என்று சொன்னாலும், பணிப்பதிவேட்டில் மார்கழியில் வரும் தேதி இருந்ததால் மார்கழியில்தான் கோயிலுக்குப் போனார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதே தண்ணீரில்தான் வெந்தேன்.

அவர் என்னைப் போன்ற ஒருவனிடம் போய்ச் சேர்ந்ததுதான் விபரீதம்.

மாத்திரை வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து, மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்டு ஒரு மனு போட்டார். அது பரிசீலனைக்கு என் மேசைக்கு வந்தது. பிரிவின் தலைவரே போட்ட மனு. வேறொருவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்திருப்பான். நான் விதியைப் பார்த்தேன். டானிக், சத்துப் பொருள், வைட்டமின் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. குறிப்பில் நான் எழுதிய வாசகம் இன்றும் நினைவிருக்கிறது: "வைட்டமின் மருந்தாகாது. மனுவை நிராகரிக்கலாம்." பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

கோப்பு அவரிடம் போனது. முழுப் பிரிவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பதினோரு மணி வேறு. சிவந்த முகத்தோடு இரண்டு தரம் படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். தன்னுடைய மனுவில் தானே முடிவெடுக்கக் கூடாது என்பதால், பக்கத்துப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு அனுப்பச் சொன்னார். அவர் நிராகரித்துக் கையெழுத்திட்டார். அப்புறம் எங்கள் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு அந்தக் குறிப்புக்கு உண்மை நகல் ஒன்று தட்டச்சு செய்து தரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

எதற்கு என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. மாத்திரையின் எண்ணிக்கை ஏறியிருந்தது. மேசைக் கண்ணாடியில் ஒரு வரிசையாக இருந்தது மூன்று வரிசையாகியிருந்தது. இவ்வளவு சாப்பிடலாமா சார் என்று தட்டச்சர் அம்மாள் பயந்துபோய்க் கேட்டபோது, அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "இது மருந்தா இருந்தாத்தானே அளவு? மருந்து இல்லைன்னு ஆபீஸ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க." தட்டச்சர் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தேதி முத்திரையில் மை போட்டுக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் ரத்தம் கொடுப்பார். கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் சின்னப் பரிசோதனைக்கூடம். சீட்டு இருந்தால்தான் பார்ப்பார்கள். அவரிடம் தர்மபுரிக்குப் போன மருத்துவரின் பழைய சீட்டு ஒன்று இருந்தது. கொலஸ்ட்ரால் என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. ஆகவே கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்தார்கள். வந்த எண்ணை, இரும்பு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து, கறுப்பு மையில் கோடு இழுப்பார். எங்களுக்கெல்லாம் அந்தக் கோடு மனப்பாடம். முதல் இரண்டு மாதம் இறங்கியது. பிறகு படுத்துக்கொண்டது, பல மாதம் அசையவில்லை. அவர் மாத்திரையை உயர்த்தினார். கொஞ்சம் இறங்கியது. மறுபடி உயர்த்தினார்.

ஐம்பத்தொன்று நடந்துகொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். பொதுவான சந்தேகம்போலத்தான் கேட்டார்.

"ஒரு மேலதிகாரி எழுத்துல ஒரு உத்தரவு போடுறாரு. போட்டுட்டு மாத்தலாகிப் போயிர்றாரு. தொடரலாமான்னு கேட்டு ரெண்டு நினைவூட்டு அனுப்பியாச்சு. பதில் இல்ல. உத்தரவு நிக்குமா, நிக்காதா?"

எனக்குப் பிடித்தமான வகைக் கேள்வி. எந்த உத்தரவு, யார் அதிகாரி என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அதைக் கேட்பது மரியாதையும் இல்லை, தேவையும் இல்லை.

"ரத்து செய்யாதவரை நிக்கும் சார். மறு உத்தரவு வரும்வரை அமலில் இருக்கிறதாத்தான் அர்த்தம்."

"உச்ச வரம்பு குறிக்கலைன்னா?"

"குறிக்கலைன்னா வரம்பு இல்ல சார்."

தலையை ஆட்டினார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் தலையாட்டி நான் பார்த்ததில்லை. தர்மபுரி மருத்துவருக்கு அனுப்பிய இரண்டு கடிதங்களின் நகல்களும் அவர் மேசையில் இருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன். கடிதத்தில் கொலஸ்ட்ரால் எண்கள் மட்டும் இருந்தன. வேறு எதையும் மருத்துவர் கேட்டிருக்கவில்லை.

அந்த மாதத்திலிருந்துதான் கோடு விழத் தொடங்கியது. இறங்கியது என்று சொல்லமாட்டேன், விழுந்தது. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையில் தாளில் ஒரு சாண் இருந்தது. பீரோ கதவைத் திறந்துவைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துப் பிரிவிலிருந்தும் வந்து பார்த்துக் கை குலுக்கினார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் அந்த மாத்திரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். எங்கள் பிரிவின் சார்பில் கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் உளுந்து வடை வந்தது. அவர் மட்டும் தன் வடையைத் தொடவில்லை. பசியில்லை என்றார். இரண்டு வாரமாகவே பசியில்லை.

இன்னொன்றும் நடந்தது. பதினோரு மணிச் சிவப்பு நின்றுபோனது. மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டது என்று அவர் விளக்கினார். அது உண்மையும்கூட. பழகினால் சிவப்பு குறையும் என்று பிற்காலத்தில் நானும் படித்தேன். ஆனால் சொறிவது மட்டும் நிற்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை அந்த அடிக்கோல் அவர் முதுகிலேயே இருந்தது. மத்தியானம் கோப்பின் மேல் கையை வைத்தபடியே தூங்கினார். அவர் தூங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் பியூன். தேநீர் வைக்கப் போனவர் வெளியே வந்து, என் காதருகே குனிந்தார்.

"சாரு கண்ணு மஞ்சளா இருக்குண்ணே. சிக்னல் மாறியிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த மாதச் சனிக்கிழமை நானும் அவரோடு கீழவாசலுக்குப் போனேன். அவரால் தனியாகப் படியேற முடியவில்லை. பரிசோதனைக்கூடம் நடத்தியவர் சௌராஷ்டிரக்காரர். தம்பிகள் தறியில், இவர் மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்து, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கேட்டது கொலஸ்ட்ரால் மட்டும். அத நான் பாத்துத் தர்றேன். ஆனா சீரத்தோட நெறம் சரியில்ல. இம்புட்டு மஞ்சள் இருக்கக் கூடாது. ஈரலுக்கு ஒரு டெஸ்ட் பண்ணணும்."

"அத ரிப்போர்ட்ல எழுதிக் குடுங்களேன்" என்றார் எங்கள் கண்காணிப்பாளர்.

"அதுக்கு டாக்டர் சீட்டு வேணுமே சார். சீட்டுல இல்லாதத நான் எப்பிடி எழுதுறது?"

"அப்ப வேணாம்" என்றார். கோபமில்லை, ஏமாற்றமில்லை. முறைப்படி நடக்கும் ஓர் ஆளைப் பார்த்த திருப்திகூட அதில் இருந்தது. சௌராஷ்டிரக்காரர் என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வை. எனக்கு விதிகள் தெரியும், ஈரலைப் பற்றித் தெரியாது. தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரிந்த விதிகளில் ஒன்று. படியிறங்கும்போது எங்கள் கண்காணிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் அன்று நான் செய்தது.

அடுத்த வாரம் திருநகர் வீட்டில் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தார். அவர் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார்கள். வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த மாதம் ஊரில் தண்ணீர் சரியில்லை, வார்டு முழுக்க மஞ்சள் காமாலைக்காரர்கள். அந்த வரிசையில் கடைசிக் கட்டில் இவருக்கு. இளம் மருத்துவர் ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். குடிப்பாரா? இல்லை. இதற்கு முன் காமாலை வந்ததுண்டா? இல்லை.

"ரெகுலரா மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

எங்கள் கண்காணிப்பாளர் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அது பயமோ கெஞ்சலோ இல்லை. ஒரு கோப்பில் என் கருத்தை உறுதி செய்துகொள்ளும் பார்வை, ஆறு வருடமாக எனக்குப் பழகிய பார்வை. நான் லேசாகத் தலையசைத்தேன்.

"மருந்து எதுவும் இல்ல" என்றார் அவர்.

இளம் மருத்துவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டப்பா தலையணைக்கு அடியில் இருந்தது. வேளை தவறாமல் அவர் மனைவி கஞ்சியோடு மாத்திரைகளைக் கொடுத்துவந்தார்கள். அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று. செவிலியரிடம் விசாரித்து எண்ணைச் சொன்னேன். அதுவரை வந்ததிலேயே குறைந்த எண். மஞ்சளேறிய கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆபீஸ் போனதும் புள்ளி வச்சிருப்பா. மறந்துராத."

போனேன். பீரோவைத் திறந்தேன். கட்டத்தாள் கீழே முடிந்துபோயிருந்தது, அந்த எண்ணுக்குத் தாளில் இடமில்லை. ஒரு துண்டுத் தாளைக் கீழே ஒட்டி, என் பேனாவால் புள்ளி வைத்து, கோட்டை இழுத்து முடித்தேன். பியூன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் பெரிய மருத்துவர் சுற்றி வந்தார். கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டப்பா திறந்திருந்தது. ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தார். தினம் எத்தனை என்று கேட்டார். அவர் மனைவி சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு, சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடியும் கேட்டார்.

"ஏம்மா, மருந்து எதுவும் சாப்பிடலைன்னு எழுதியிருக்கே?"

"இது மருந்து இல்லீங்களே. சத்து மாத்திரை. ஆபீஸ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க."

அந்த அம்மாள் கணவருடைய சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார்கள். மடிப்பு விட்டுக் கிழியும் நிலையில் இருந்தது. பெரிய மருத்துவர் படித்தார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் எங்கள் பிரிவில் கிடையாது. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

டப்பாவை அவர் தன் பையில் போட்டுக்கொண்டார். வராந்தாவுக்கு வந்த பிறகு என்னிடம்தான் விளக்கினார், அலுவலகத்து ஆள் என்பதால். அந்த வைட்டமினை அந்த அளவில் சாப்பிட்டால் சிலருக்கு ஈரல் போய்விடும், அதனால்தான் ரத்தத்தில் ஈரலைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்றார். கொழுப்பு நன்றாகக் குறைந்துவந்ததே என்று கேட்டேன்.

"கொலஸ்ட்ரால உண்டாக்குறதே ஈரல்தாங்க. அது படுத்துருச்சு. அப்புறம் எங்கேயிருந்து ஏறும்?"

அதற்குப் பிறகு எங்கள் கண்காணிப்பாளர் தெளிவாகப் பேசவில்லை. கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார். மணிக்கட்டு தானாக மடங்கி மடங்கி விரியும், யாரோ அவசரமாகக் கோப்பின் பக்கங்களைப் புரட்டுவதைப் போல. போர்வையின் மேல் விரலால் எதையோ எழுதுவார். எழுதிவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். என்ன எழுதுகிறார் என்று குனிந்து பார்த்தேன், புரியவில்லை.

பதிவேட்டின்படி அவருக்கு ஐம்பத்திரண்டு முடிந்த மார்கழிக் காலையில் அவர் உயிரோடு இருந்தார். அவர் மனைவி நெற்றியில் விபூதி பூசிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் முதன்முறையாக ஓர் ஆண் அந்த வயதைத் தாண்டினார், அவருக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகும் நாள்கள் இழுத்தன. முடிந்த அன்று அந்த இளம் மருத்துவர் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"ஹார்ட் நல்லா ஸ்ட்ராங்கா இருந்துச்சு சார். அதான் இம்புட்டு நாள் தாங்குச்சு."

குடும்ப ஓய்வூதியப் படிவங்களை நான்தான் பூர்த்தி செய்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார்கள். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டினேன். நிதானமாக, எழுத்துக் கூட்டிப் போட்டார்கள். மை தடவி விரல் வைக்கும் நிலை வரக் கூடாது என்று அவர் பல வருடத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தாராம்.

இப்போது நான் ஆண்டுதோறும் கருவூலத்துக்குப் போகிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்திடுகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் கிழவர்கள் வெயிலைத் திட்டுகிறார்கள், விசிறி ஓடவில்லை என்கிறார்கள்.

அன்று கையெழுத்து முடிந்ததும், அவருடைய சாமான்களை எடுத்துப் போகலாமா என்று அந்த அம்மாள் கேட்டார்கள். பீரோவைத் திறந்தேன். ஒரு துண்டு, அடிக்கோல், தர்மபுரி முகவரி எழுதிய ஒரு வெற்று உறை. மூன்றாவது நினைவூட்டுக்காக வைத்திருந்திருப்பார். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றார்கள். விரலால் கோட்டைத் தொட்டு, மேலிருந்து கீழே வரை இறங்கி வந்தார்கள்.

"ஒரு மாசங்கூட ஏறவே இல்லையே தம்பி. நீங்க வெவரம் தெரிஞ்சவுக. இதுல எங்கயாச்சும் தப்பு இருக்கா?"

நான் சரிபார்த்தேன். பழக்கம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் எண்ணோடு ஒப்பிட்டேன்.

"தப்பு இல்லக்கா. எல்லாம் சரியா இருக்கு."

அவர்கள் விரல் ஒட்டுத்தாளுக்கு வந்து, கடைசிப் புள்ளியில் நின்றது.

"இது மட்டும் வேற மையா இருக்கே. அவுக கறுப்புலதானே போடுவாக?"

"அது நான் வச்சதுக்கா" என்றேன்.